விட்சர் 3: முதல் பேயை வீழ்த்துவது வரை புதியவர்களுக்கு ஒரு வழி

போலந்து, ரஷ்யா போன்ற நாடுகளில் வாழும் ஸ்லாவ் மக்களின் நாட்டார் கதைகளை வைத்து வந்த ரோல்-பிளேயிங் கேம்களில் (ஒரு பாத்திரமாக மாறி ஆடும் வீடியோ கேம்கள்) எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், யோசிக்காமல் 'தி விட்சர் 3: வைல்டு ஹன்ட்' என்பேன். போலந்தின் வார்சா நகரத்து நிறுவனமான சிடி ப்ராஜெக்ட் ரெட் 2015 மே மாதம் வெளியிட்டது. ஆந்த்ரேய் சாப்கோவ்ஸ்கி என்ற போலந்து எழுத்தாளரின் கதைகள்தான் அடிப்படை. முந்தைய பாகங்களை (2007, 2011) ஆடியிருக்க வேண்டியதில்லை. நாம் ஆடும் நாயகன் கெரால்ட் ஒரு விட்சர், அதாவது கூலி வாங்கிக்கொண்டு பேய் பிசாசுகளை வேட்டையாடுபவன். இது தெரிந்தால் போதும்.

புதிதாக வருபவர்களில் நிறையப் பேர், சண்டை கஷ்டமாக இருக்கிறது என்று சீக்கிரமே மூடிவைத்துவிடுகிறார்கள். விரல் வேகம் பற்றாததால் அல்ல. ஊர்க்கதையில் ஒரு பேய்க்கு என்ன விதி சொல்லியிருக்கிறதோ, பெரும்பாலும் அதுவே இங்கே சண்டைக்கும் விதி. அதைப் படிக்காமல் வாளைச் சுழற்றினால் அடி நமக்குத்தான்.

1. தொடங்கும் முன்

கேம் நான்கு கடின நிலைகளைக் காட்டும். இரண்டாவதான 'ஸ்டோரி அண்ட் சோர்டு' நிலையை எடுங்கள். முதல் நிலையில் வாளில் தடவும் எண்ணெய், குடிக்கும் கஷாயம் எதுவுமே தேவைப்படாது. பாதி ருசி போய்விடும். விட்சர் 2 சேவ் ஃபைலை சிமுலேட் செய்யவா (அதாவது, முந்தைய பாகத்தை ஆடி முடித்ததாக வைத்துக்கொள்ளவா) என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆம் என்றால், ஆடாத கேமைப் பற்றிப் பிறகு ஒரு விசாரணையே நடக்கும்.

2022 டிசம்பரில் வந்த இலவச அப்டேட் காட்சிகளை மெருகேற்றியது, ஆனால் கணினியைப் பிழிந்துவிடும். பழைய கணினி என்றால் கேமைத் திறக்கும்போது டைரக்ட்எக்ஸ் 11 என்ற பழைய கிராஃபிக்ஸ் பதிப்பிலேயே ஓட்டுங்கள்.

2. கேர் மோர்ஹென் கோட்டைப் பயிற்சி

தவிர்க்காதீர்கள். முதியவர் வெசெமிர் சொல்லித் தருவதில் இரண்டு விஷயம் முக்கியம். மனிதர்களுக்கும் ஓநாய் போன்ற மிருகங்களுக்கும் எஃகு வாள். பேய் பிசாசுகளுக்கு வெள்ளி வாள். உருண்டு தப்புவதைவிட, பக்கவாட்டில் ஒரு எட்டு நகர்வது நல்லது. உருண்டால் எதிரியிடமிருந்து ரொம்ப தூரம் போய்விடுவோம், திருப்பி அடிக்க முடியாது.

ஐந்து மந்திரக் குறிகள் உண்டு: ஆர்டு தள்ளும், இக்னி எரிக்கும், குவென் கவசம், ஆக்ஸி மனதை மயக்கும், யெர்டன் தரையில் ஒரு மாய வட்டம் போடும். ஆரம்பத்தில் சண்டைக்கு முன்பெல்லாம் குவென் போட்டுக்கொள்ளுங்கள். யெர்டனை மறக்க வேண்டாம், சீக்கிரமே வேலை இருக்கிறது.

3. ஒயிட் ஆர்ச்சர்டில் அவசரப்படாதீர்கள்

கதை உங்களை அடுத்த ஊருக்கு இழுக்கும், போகாதீர்கள். இந்தச் சின்னப் பகுதியில் சக்தித் தலங்கள் எனப்படும் கற்கள் உண்டு. முதல்முறை தொடும்போது ஒவ்வொன்றும் ஒரு திறன் புள்ளி தரும். புள்ளியைச் செலவழித்தால் மட்டும் போதாது, அந்தத் திறனை இழுத்து ஒரு கட்டத்தில் பொருத்தவும் வேண்டும். இல்லையென்றால் அது சும்மா கிடக்கும்.

மருந்தும் எண்ணெயும் ஒருமுறை காய்ச்சினால் போதும். மருந்து தீர்ந்தால், பையில் காட்டமான சாராயம் இருக்கும்போது தியானம் செய்யுங்கள், தானே நிரம்பிக்கொள்ளும். நாம் எடுத்த கடின நிலையில் காயமும் அப்போதே ஆறிவிடும்.

இன்னொன்று, இங்கே பசுக்களை வெட்டித் தோல் விற்றுப் பணம் பார்க்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அளவு மீறினால் 'சோர்ட்' என்ற கொம்பு வைத்த பூதம் கிளம்பி வரும். ஸ்லாவ் கதைகளில் சோர்ட் என்றால் சாத்தான்தான். இந்த வழியில் காசு சேர்த்தவர்களுக்காகவே அதைப் பின்னர் ஒரு அப்டேட்டில் சேர்த்தார்கள்!

4. கிணற்றடிப் பேய்

ஊர் அறிவிப்புப் பலகையில் 'டெவில் பை தி வெல்' என்ற ஒப்பந்தம் இருக்கும். கூலி பேசும்போது பேரம் பேசலாம். ரொம்ப இழுத்தால் எதிராளிக்குக் கோபம் வரும். ஒடோலன் என்பவருக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டும். ஆனால் கிணறு இருக்கும் பாழடைந்த கிராமத்தில் நடுப்பகலில் ஒரு பெண் உருவம் அலைகிறது.

இது நூன்ரெய்த், அதாவது உச்சிவேளைப் பேய். போலந்தில் பொவுட்னிட்சா என்பார்கள். அறுவடைக் காலத்தில், வெயில் உச்சியில் இருக்கும்போதும் வயலைவிட்டு வராதவர்களைப் பிடிக்குமாம். கிழக்கு ஜெர்மனியில் வாழும் ஸ்லாவ் இனத்தவரான சோர்ப் மக்களிடம் இன்னும் சுவாரசியமான கதை உண்டு. அது வந்து கேள்வி கேட்கும், ஆளிச்செடியை விதைத்ததிலிருந்து துணி நெய்வது வரை ஒரு மணி நேரம் விடாமல் பேசினால் உயிர் தப்பலாம். வெயில் அடித்து மயங்கி விழுந்தவர்களைப் பார்த்துப் பிறந்த கதையாக இருக்கும் என்று நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

கெரால்டுக்குப் பேசித் தப்பிக்கும் வசதி கிடையாது. இந்த வரிசையில் போங்கள்.

முதலில் தடயங்களைக் காட்டும் விட்சர் புலனை அழுத்திப் பிடித்து (கணினியில் மவுஸின் வலது பட்டன்) வீடுகளையும் கிணற்றையும் அலசுங்கள். கிடைக்கும் நாட்குறிப்பைக் கட்டாயம் படியுங்கள். செத்தவள் யார், எப்படிச் செத்தாள் என்று தெரியவரும். அந்த உயிர் இந்த இடத்தை விட்டுப் போகாததற்கு ஒரு கைவளைதான் காரணம். அது கிணற்றுக்குள் கிடக்கிறது. உள்ளே குதித்து, முங்கி எடுத்து, தண்ணீருக்கடியில் இருக்கும் சுரங்க வழியாக வெளியே வாருங்கள்.

செத்தவளின் எலும்பையும் இந்த வளையையும் எரித்தால்தான் பேய் வெளியே வரும். எரிப்பதற்கு முன் ஒரு நிமிடம் நின்று பெஸ்டியரி (பேய் பிசாசுகளைப் பற்றிய குறிப்பேடு) பக்கத்தைத் திறங்கள். இந்த வகைக்கு எது ஆகாது என்று அதில் இருக்கும்: யெர்டன், மூன் டஸ்ட் குண்டு, ஸ்பெக்டர் எண்ணெய். குண்டு இந்நேரம் உங்களிடம் இருக்காது, பரவாயில்லை. எண்ணெய் இருந்தால் வெள்ளி வாளில் தடவுங்கள். சேவ் செய்துவிட்டு, எலும்பையும் வளையையும் சேர்த்து எரியுங்கள். அவள் வந்துவிடுவாள்.

வந்ததும் ஓடிப்போய் வெட்டாதீர்கள். உருவம் புகை மாதிரி இருக்கும்போது வாள் சரியாக ஏறாது. காலடியில் யெர்டன் வட்டத்தைப் போட்டுவிட்டு உள்ளேயே நில்லுங்கள். அவள் வட்டத்துக்குள் கால் வைத்ததும் உருவம் கெட்டியாகும், நடையும் மந்தமாகும். அப்போது இரண்டு மூன்று வெட்டு, உடனே பக்கவாட்டில் ஒரு எட்டு. கொஞ்சம் அடி வாங்கியதும் மறைந்து மூன்று நிழல் உருவங்களாகச் சுற்றி நின்று உங்கள் சக்தியை உறிஞ்சிக்கொள்வாள். பதறாமல் அந்த நிழல்களை ஒவ்வொன்றாகக் கலையுங்கள். அவள் திரும்ப வரும்போது அடுத்த வட்டம் தயாராக இருக்க வேண்டும். வட்டம் தீர்ந்து, புதிது போடும் சக்தியும் இல்லாத நேரத்தில் வெறுமனே விலகிக்கொண்டே இருங்கள்.

5. அதன் பிறகு

கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கிரிஃபினின் வேட்டையும் இதே மாதிரிதான்: தடயம், தூண்டிலுக்கு மூலிகை, பெஸ்டியரி, கடைசியில் சண்டை. அது பறக்கும்போது குறுக்குவில்லால் அடித்தால் கீழே விழும்.

அடுத்து வரும் வெலென் சதுப்பு நிலம் பெரியது. எதிரியின் தலைக்கு மேல் மண்டையோடு தெரிந்தால் குதிரையைத் திருப்புங்கள். ஒரு குறுநிலத் தலைவனின் வீட்டில், பெயர் வைத்துப் புதைக்கப்படாத சிசு பேயாக மாறிய கதை வரும்; போலந்தில் அதற்குப் பொரோனியெட்ஸ் என்று பெயர். வாளா, வாசற்படிக்கு அடியில் புதைக்கும் பழைய சடங்கா என்று கேட்கும்போது சடங்கையே தேர்ந்தெடுங்கள். இந்தக் கேமிலேயே நன்றாக எழுதப்பட்ட பகுதி அது என்பது என் கருத்து.

கணினி இதற்குத் தாங்காது என்றால் 'பிளாக் புக்' பாருங்கள். ரஷ்யாவின் பெர்ம் நகரத்து மோர்தேஷ்கா குழு 2021-ல் வெளியிட்டது. சீட்டுகளை வைத்துச் சண்டை போடும் ரோல்-பிளேயிங் கேம், 19-ம் நூற்றாண்டு செர்டின் வட்டாரத்துப் பேய்க்கதைகள். அதிலும் கலைக்களஞ்சியப் பக்கங்களைப் படித்துக்கொண்டே ஆடுங்கள், நடுநடுவே அதிலிருந்துதான் கேள்வி கேட்பார்கள்.