உதட்டுக் கொப்புளம்: குறுகுறுப்பை அலட்சியம் செய்வதில் தொடங்கும் தவறுகள்

உதட்டோரத்தில் ஓரிடம் மட்டும் குறுகுறுக்கும். லேசாக எரியும், தொட்டால் கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கும். கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சரி, ஒன்றுமில்லை என்று வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். மறுநாள் காலையில் அதே இடத்தில் தோல் சிவந்து, கடுகு அளவில் நான்கைந்து நீர்க்கொப்புளங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். இந்த விஷயத்தில் நாம் செய்யும் தவறுகளில் பாதி அந்த முதல் நாளிலேயே நடந்து முடிந்துவிடுகிறது.

இதற்குக் காரணம் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வைரஸ், பெரும்பாலும் அதன் முதல் வகை. 50 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 380 கோடிப் பேரிடம், அதாவது 64 சதவீதத்தினரிடம் இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. பலருக்குச் சிறு வயதிலேயே யாரோ ஒரு பெரியவர் கொடுத்த முத்தத்தில் தொற்றியிருக்கும். எனவே வெட்கப்படவோ யாரையும் சந்தேகப்படவோ இதில் எதுவுமில்லை. உள்ளே வந்த வைரஸ் திரும்பப் போகாது. முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பின் முடிச்சு மண்டையோட்டின் அடியில் இருக்கிறது, அங்கே பதுங்கிக்கொள்ளும். எப்போதாவது நரம்பு வழியே இறங்கிவந்து, பெரும்பாலும் பழைய இடத்திலேயே தலைகாட்டும். போன தடவை சரியாக ஆறாததால் திரும்ப வந்துவிட்டது என்று நினைப்பதும், பல் துலக்கும் பிரஷ்தான் காரணம் என்று பழி போடுவதும் இது புரியாததால்தான்.

நாளைக்குப் பார்க்கலாம் என்பது

வைரஸ் வேகமாகப் பெருகுவது முதல் ஓரிரு நாட்களில். அசைக்ளோவிர் போன்ற மருந்துகள் அந்தப் பெருக்கத்தைத் தடுக்குமே தவிர, புண்ணை ஆற்றாது. கொப்புளம் உடைந்து பொருக்குக் கட்டியபின் க்ரீம் வாங்கிப் பூசினால் அது செய்வதற்கு அங்கே வேலையே இல்லை. "அந்த மருந்து எனக்குக் கேட்கவே இல்லை" என்று சொல்பவர்களிடம் எப்போது தொடங்கினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதில் அதில்தான் இருக்கும்.

க்ரீம் என்றால் 5 சதவீத அசைக்ளோவிர், ஒரு நாளைக்கு 5 தடவை, நான்கைந்து நாட்கள். நேரத்தோடு தொடங்கினாலும் மிச்சமாவது அரை நாளிலிருந்து ஒரு நாள்தான். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். அடிக்கடி வருபவர்களுக்கும் கடுமையாக வருபவர்களுக்கும் மாத்திரையே மேல். பெரியவர்களுக்கு வாலசைக்ளோவிர் 2 கிராம், 12 மணி நேரம் கழித்து இன்னொரு 2 கிராம், அத்துடன் முடிந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த அளவு ஒத்துவராது, குறைக்க வேண்டும். ஆகவே மருத்துவர் எழுதித் தராமல் வாங்கிப் போடக் கூடாது. புத்திசாலித்தனமான வழி ஒன்று உண்டு. கொப்புளம் இல்லாத நாளில் மருத்துவரைப் பார்த்து, மாத்திரையை முன்கூட்டியே வாங்கிப் பையில் வைத்துக்கொள்வது. குறுகுறுப்பு தொடங்கிய பிறகு அப்பாயிண்ட்மென்ட் வாங்கிக் காத்திருந்தால், பலனுள்ள நேரம் வரவேற்பறையிலேயே கழிந்துவிடும்.

வீட்டில் கிடக்கும் ட்யூப்

என்னைக் கேட்டால் மிக மோசமான தவறு இதுதான். முன்பு எப்போதோ தோலில் வந்த படைக்கு வாங்கிய ட்யூபின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். சிவப்பு, அரிப்பு எல்லாம் ஒன்றுதானே என்று அதைப் பிதுக்கிப் பூசுவார்கள். ட்யூபைத் திருப்பிப் பின்னால் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசால் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியை அது தணித்து வைக்கும். முதலில் சிவப்பு குறைந்த மாதிரி தெரியும். வைரஸோ தடையில்லாமல் பரவும். வைரஸ் மருந்தோடு சேர்த்து மிதமான ஸ்டீராய்டை மருத்துவரே தருவது உண்டு, அது வேறு கதை. தனி ஸ்டீராய்டை உதட்டுக் கொப்புளத்தின் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

ஆன்டிபயாட்டிக்கும் இங்கே வீண். அது பாக்டீரியாவுக்கானது. புண்ணில் சீழ் பிடித்து, தேன் நிறத்தில் தடித்த பொருக்குக் கட்டிச் சுற்றிலும் பரவினால் மட்டுமே அதற்கு வேலை வரும்.

வாயைச் சுற்றி வருவதெல்லாம் ஒன்றல்ல

கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம் என்று வாய்க்குள் வெள்ளையாகக் குழிவிழுந்து வருவது சாதாரண வாய்ப்புண். அது தொற்றாது. கடைவாயில், அதாவது உதடுகள் சேரும் மூலையில் வெடித்து எரிவதற்குப் பூஞ்சை, பொருந்தாத பல்செட், இரும்புச்சத்து அல்லது பி வைட்டமின் குறைவு போன்றவை காரணமாகலாம். உதடும் தோலும் சேரும் கோட்டில், ஒரு பக்கமாக, கொத்தாக நீர்கோத்து வந்தால்தான் நாம் பேசிக்கொண்டிருக்கும் கொப்புளம். மூன்றுக்கும் சேர்த்து பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை விழுங்கிவிட்டு, 10 நாளில் தானாக ஆறியதை மாத்திரையின் கணக்கில் எழுதுவது பழகிப்போன ஏமாற்றம்.

டூத்பேஸ்ட், எலுமிச்சைச் சாறு, உப்பு, ஸ்பிரிட்: எரிந்தால் வேலை செய்கிறது என்ற நம்பிக்கையில் வைப்பவை. எரிவது உங்கள் தோல்தான். ஊசியால் குத்துவதும் கூடாது. உள்ளே இருக்கும் நீரில் வைரஸ் நிறைந்திருக்கிறது. உடைந்து கசியும் கட்டத்தில்தான் அது மற்றவர்களுக்கு மிக எளிதாகத் தொற்றும். மஞ்சள் பூத்த பொருக்கு சிரிக்கும்போதும் கொட்டாவி விடும்போதும் வெடித்து ரத்தம் கசியும். உரிக்கக் கை பரபரக்கும். உரித்தால் ஆறும் நாள் கூடும், அவ்வளவுதான். வாசலின் மெல்லிசாகத் தடவினால் வெடிப்பு குறையும். க்ரீமோ வாசலினோ, பஞ்சு முனையால் ஒற்றி வையுங்கள், தேய்க்க வேண்டாம். முன்னும் பின்னும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். பயன்படுத்திய பஞ்சை மறுபடி ட்யூபில் வைக்காதீர்கள்.

உதட்டோடு நிற்காத இடங்கள்

பெரியவர்களுக்கு இது பத்துப் பதினான்கு நாள் தொல்லை. பிறந்த குழந்தைக்கு உயிர் ஆபத்து. முதல் 4 வாரங்களில் குழந்தையின் எதிர்ப்புச் சக்தியால் இந்த வைரஸைச் சமாளிக்க முடியாது. கல்லீரலுக்கும் மூளைக்கும் பரவக்கூடும். "பொருக்குதானே கட்டியிருக்கு, காய்ஞ்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டு சிசுவை முத்தமிடுவது கூடவே கூடாது. பொருக்கு உதிர்ந்து புதுத் தோல் மூடும்வரை தொற்று உண்டு. கொப்புளமே இல்லாத நாட்களிலும் எச்சிலில் வைரஸ் சில சமயம் வெளிவரும் என்பதால், பச்சைக் குழந்தையின் முகத்தில் யாரும் முத்தமிடாதிருப்பதே நல்லது. பாட்டியோ மாமாவோ முகம் சுளித்தாலும் பரவாயில்லை. தாய்க்கே கொப்புளம் வந்தால் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. மார்பில் புண் இல்லாமல் பார்த்துக்கொண்டு, முகக்கவசம் போட்டு, கை கழுவிவிட்டுக் கொடுக்கலாம். குழந்தை பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடந்தாலோ, காய்ச்சலோ நீர்க்கொப்புளமோ தெரிந்தாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

கரப்பான் எனப்படும் எக்ஸிமா உள்ள குழந்தைகளிடமும் இதே கவனம் வேண்டும். வெடித்த தோலில் வைரஸ் நுழைந்தால் உடம்பெங்கும் பரவிவிடும்.

அடுத்தது கண். உதட்டைத் தொட்ட விரலால் கண்ணைக் கசக்குவது, கான்டாக்ட் லென்ஸை எச்சிலால் ஈரப்படுத்துவது இரண்டும் வைரஸைக் கருவிழிக்கு அழைத்துப் போகும். கண் சிவந்து, வலித்து, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசினால் கடையில் சொட்டு மருந்து கேட்டு வாங்காதீர்கள். ஸ்டீராய்டு கலந்த சொட்டாக இருந்தால் பார்வைக்கே கேடு. அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். நகம் கடிப்பவர்களுக்கு விரல் நுனியில் வலியோடு கொப்புளம் வரும். வாய்வழி உறவில் பிறப்புறுப்புக்கும் தொற்றும். இதைப் பலர் கேட்கத் தயங்குவதால் சொல்லிவிடுகிறேன்: ஆறும்வரை தவிர்க்க வேண்டும்.

அதற்காக வீட்டில் ஒதுங்கி உட்கார வேண்டியதில்லை. டம்ளர், துண்டு, லிப்ஸ்டிக் தனியாக வைத்துக்கொண்டால் போதும். வைரஸின் மேலுறை சோப்பில் கரைந்துவிடும், தனிக் கிருமிநாசினி எதுவும் தேவையில்லை.

மறுபடி வராமல் இருக்க

காய்ச்சல், தூக்கமின்மை, மன அழுத்தம், மாதவிடாய், பல் சிகிச்சையில் உதடு இழுபடுவது எல்லாமே தூண்டும். இவற்றில் பலவற்றை நம்மால் தடுக்க முடியாது. தடுக்கக்கூடியது வெயில். முகத்துக்கெல்லாம் சன்ஸ்கிரீன் பூசுபவர்களும் உதட்டை விட்டுவிடுகிறார்கள். எஸ்பிஎஃப் 30 உள்ள லிப் பாம் பூசி, சாப்பிட்ட பிறகு மறக்காமல் மறுபடி பூச வேண்டும். லைசின் என்ற அமினோ அமில மாத்திரை இதைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. இன்ன உணவால்தான் வந்தது என்று ஒவ்வொன்றாக நிறுத்துவது நாக்குக்குத் தண்டனை.

ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பதிலும் பெரிய பயனில்லை. வைரஸ் உடலில் என்றோ நுழைந்திருக்கிறது என்று மட்டும் சொல்லும். இந்தப் புண் அதனால் வந்ததா என்று சொல்லாது. சந்தேகம் என்றால் புதுக் கொப்புளத்திலிருந்து பஞ்சில் ஒற்றியெடுத்து, வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை செய்வதுதான் சரி. வருடத்துக்கு 6 தடவைக்கு மேல் வருகிறதென்றால் தினமும் சிறு அளவில் மாத்திரை போட்டுத் தடுக்க முடியும், மருத்துவரிடம் கேளுங்கள். உதட்டில் லேசர் சிகிச்சையோ, உதட்டைப் பருமனாக்கும் ஃபில்லர் ஊசியோ செய்துகொள்ளப் போகிறவர்கள் தங்களுக்குக் கொப்புளம் வரும் பழக்கத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கீமோதெரபியில் இருப்பவர்கள், உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் கொப்புளம் தெரிந்த அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். மற்றவர்களுக்கு இரண்டு வாரம் அவகாசம். அதற்குள் ஆறாத உதட்டுப் புண்ணை, அதுவும் புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள், வழக்கமான கொப்புளம் என்று விட்டுவைக்கக் கூடாது. புற்றுநோய் இல்லை என்று சோதித்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.