தடுப்பூசித் தொழில்நுட்பம் வாங்கப் போகிறீர்களா? காப்புரிமையோடு நிறுத்திவிடாதீர்கள்

காப்புரிமைக்குப் பணம் கட்டினால் தொழில்நுட்பம் கைக்கு வந்துவிடும் என்று நம்பி இறங்கவே இறங்காதீர்கள். அது வெறும் அனுமதி, செய்முறை செய்தவர்களிடம்தான் இருக்கும். கொரோனா காலத்தில் தன் காப்புரிமையைக் காட்டி யாரையும் தடுக்க மாட்டோம் என்று அமெரிக்கத் தடுப்பூசிக் கம்பெனி மாடர்னா 2020-லேயே அறிவித்தது. ஆனால் செய்முறையைச் சொல்லித்தர முன்வரவில்லை. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் உள்ள ஆஃப்ரிஜென் கம்பெனி விஞ்ஞானிகள் வெளியாகியிருந்த தகவல்களை வைத்துத்தான் அதே எம்ஆர்என்ஏ வகை (கிருமியின் புரதத்தை நம் உடலே செய்யக் குறிப்பு தரும் வகை) தடுப்பூசியைச் செய்ய வேண்டியிருந்தது.

சரி, எங்கே தொடங்குவது? உங்கள் ஆலையில் ஏற்கெனவே என்ன ஓடுகிறது என்று பாருங்கள், இல்லாததை மட்டும் வெளியே தேடுங்கள். ஆப்பிரிக்காவுக்கான மூளைக்காய்ச்சல் (மெனின்ஜைட்டிஸ்) தடுப்பூசி மென்ஆஃப்ரிவாக் அப்படி உருவானதுதான். ஒரு டோஸ் அரை டாலரைத் தாண்டினால் வாங்க முடியாது என்று அந்த நாடுகள் சொல்லிவிட்டன, பெரிய கம்பெனிகளோடு பேச்சு படியவில்லை. புனே சீரம் இன்ஸ்டிடியூட் டெட்டனஸ் டாக்ஸாய்டை (டெட்டனஸ் கிருமியின் நச்சைத் தீங்கில்லாமல் மாற்றிய புரதம்) சொந்தமாகவே தயாரித்துக்கொண்டிருந்தது. மூளைக்காய்ச்சல் கிருமியின் மேலுறையில் உள்ள பாலிசாக்கரைடு என்ற சர்க்கரைச் சங்கிலியை அந்தப் புரதத்தோடு இணைத்தால்தான் இந்தத் தடுப்பூசி. அது முதலில் ஆம்ஸ்டர்டாம் கம்பெனி ஒன்றிலிருந்து வந்தது. இரண்டையும் இணைக்கும் முறை அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் ஆய்வகத்தில் கண்டுபிடிக்கப்பட்டது, அதற்கு பாத் (PATH) என்ற லாபநோக்கற்ற சுகாதார அமைப்பு உரிமம் வாங்கி சீரத்துக்குக் கொடுத்தது. அதை சீரம் விஞ்ஞானிகள் அந்த ஆய்வகத்திலேயே நின்று கற்றுக்கொண்டார்கள். பலன், ஒரு டோஸ் சுமார் 40 சென்ட்.

ஆகவே முதலில் அரசு ஆய்வகங்கள், பல்கலைக்கழகங்களின் கதவைத் தட்டுங்கள். ஒரே கம்பெனிக்கு மட்டும் என்று கட்டிப்போடாமல் பலருக்கும் உரிமம் தருகிறவர்கள் அங்கேதான் அதிகம். அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்ஐஎச், குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் ரோட்டாவைரஸுக்கான தடுப்பூசித் திரிபுகளை இந்தியா, பிரேசில், சீனா தயாரிப்பாளர்களுக்குத் தனித்தனியாகக் கொடுத்தது.

ஒப்பந்தத்தில் நான் கறாராக நிற்கச் சொல்வது பயிற்சியில்தான். உங்கள் ஆட்கள் அங்கே போய்க் கையால் செய்து பழக வேண்டும், அவர்கள் ஆட்கள் உங்கள் ஆலையில் முதல் பேட்ச்கள் (ஒரே தடவையில் தயாராகும் தொகுப்புகள்) தேறும்வரை கூடவே இருக்க வேண்டும். தரப் பரிசோதனை முறைகளும், தோற்றுப்போன பேட்ச்களின் பதிவேடுகளும் கூட வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். எந்த வெப்பநிலையில், எந்த நேரத்தில் கலவை கெட்டது என்பது ஆய்வுக் கட்டுரைகளில் கிடைக்காது. எந்தெந்த நாடுகளில் விற்கலாம் என்பதையும் அப்போதே முடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதி, அதாவது தடுப்பூசியின் தரத்தையும் பாதுகாப்பையும் சோதித்து அது தரும் ஒப்புதல். பொதுவாக அது இருந்தால்தான் ஏழை நாடுகளுக்காகத் தடுப்பூசி வாங்கும் ஐ.நா. அமைப்பான யுனிசெஃப் வாங்கும், அதற்கு உங்கள் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் தேறியிருக்க வேண்டும், எனவே அந்த அதிகாரிகளை ஆலை வரைபடம் போடும்போதே கூப்பிட்டுப் பேசுங்கள். 2001-இல் தொடங்கிய மென்ஆஃப்ரிவாக் திட்டத்துக்கு முன்தகுதி கிடைத்தது 2010-இல்தான். அந்த டிசம்பரில் புர்கினா ஃபாசோவில் ஊசி போடத் தொடங்கினார்கள். அத்தனை வருடத்துக்குத் தாங்கும் பணத்தை முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.