உப்புக் காற்றில் ஆறு அறை: தரங்கம்பாடி மாதிரி ஊரில் விடுதி நடத்துவோருக்கு

தரங்கம்பாடிக்குத் தங்க வருகிறவர்கள் பெரிதாக எதையும் எதிர்பார்த்து வருவதில்லை. 1845இல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனபின் துறைமுகம் மெல்ல ஓய்ந்தது. மயிலாடுதுறையிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலும் 1986இல் நின்றது. 'ஒரு ராத்திரி எப்படியாவது கழியும்' என்ற நினைப்போடுதான் பையை இறக்குவார்கள். சோப்பு நுரைத்து, பூட்டு ஒரே திருப்பில் திறந்து, விடிகாலை நாலு மணிக்கு வெந்நீரும் வந்துவிட்டால் அசந்துபோவார்கள். கடலோரத்தில் இந்த மூன்றும் தானாக நடக்காது.

தண்ணீர்

போர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை முதலில் டி.டி.எஸ். மீட்டரால் அளந்துகொள்ளுங்கள். குடிக்கும் நீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியில்லாதபோது 2000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர அளவு. கடலோர போரில் இதைத் தாண்டுவது சாதாரணம். குளிப்பவருக்குத் தலைமுடி பிசுபிசுக்கும், சோப்பு நுரைக்காது. குறை சொல்லாமல் போய்விடுவார், திரும்ப வரமாட்டார்.

முழுக் குளியலுக்கும் நல்ல தண்ணீர் கொடுப்பது கட்டுப்படியாகாது. கடைசியாக ஊற்றிக்கொள்ள ஆளுக்கு ஒரு பக்கெட் போதும். ஆறு அறை, அறைக்கு மூன்று பேர், பக்கெட் 15 லிட்டர் என்றால் நாளுக்கு 270 லிட்டர். தனியாக 500 லிட்டர் டேங்க், குளியலறையில் நீல மூடி போட்ட தனிக் குழாய், மேலே 'நல்ல தண்ணீர்' என்று எழுதிய சிறு பலகை. பலகை இல்லாவிட்டால் அந்தத் தண்ணீரில்தான் கால் கழுவுவார்கள்.

நாலு மணி வெந்நீர்

இங்கிருந்து சுமார் 8 கிலோமீட்டரில் திருக்கடையூர். அறுபதாம் கல்யாணத்துக்கும் சதாபிஷேகத்துக்கும் வரும் குடும்பங்கள் அங்கே இடம் கிடைக்காவிட்டால் உங்களிடம் வரும். வயதானவர்கள், ஒரே நேரத்தில் எல்லோரும் எழுவார்கள், இருட்டோடு கிளம்புவார்கள். விடுதியின் மானம் போவதும் நிற்பதும் அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

25 லிட்டர் கீசர், 2 கிலோவாட் ஹீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 28 டிகிரித் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர அரை மணி நேரம் ஆகும். பச்சைத் தண்ணீர் கலந்தால் மூன்று, நான்கு பக்கெட் தேறும். ஒரு ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். சிங்கிள் ஃபேஸில் ஆறும் ஒன்றாக ஓடினால் 50 ஆம்பியரைத் தாண்டி மெயின் எம்.சி.பி. (சுமை மீறினால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்துவிடும். பிறகு வெந்நீரும் இல்லை, விளக்கும் இல்லை. மூன்று ஃபேஸ் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். வயரிங் செய்தவர் ஆறையும் ஒரே ஃபேஸில் கோர்த்திருக்கலாம், போர்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

போர்டிலேயே டைமர் போடுங்கள். இரண்டரைக்கு இரண்டு அறை, மூன்றுக்கு இரண்டு, மூன்றரைக்கு இரண்டு. முதலில் காய்ந்த தண்ணீர் ஓரிரு மணி நேரம் சூடு ஆறாது. அறைக்குள்ளிருக்கும் கீசர் சுவிட்சை முந்தைய இரவே போட்டு வைத்துவிட வேண்டும், இதைத்தான் பையன்கள் மறப்பார்கள்.

உப்புத் தண்ணீரில் ஹீட்டர் கம்பி மேல் சுண்ணாம்புபோலப் படிந்துகொண்டே வரும். அரை மணியில் காய்ந்தது முக்கால் மணி எடுத்தால் திறந்து சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டது. உள்ளே டேங்கைக் காக்க வைத்திருக்கும் ஆனோடு கம்பியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். அது கரைந்து தீர்ந்தபின் டேங்க்தான் அரிக்கும்.

சஷ்டியப்தபூர்த்தி குடும்பங்களுக்கு

தம்பதிக்குக் கீழ்த்தள அறை, அதில் மேல்நாட்டுக் கழிப்பறை, பக்கத்தில் கைப்பிடி. குளிக்க நாலு கால் பிளாஸ்டிக் ஸ்டூல், அதன் கால்களில் ரப்பர் போட்டதாக இருக்கட்டும். கிளம்பும்போது ஒரு ஃபிளாஸ்க் காபி. சர்க்கரை தனியாக, ஏனென்றால் அந்த வயதில் பலருக்குச் சர்க்கரை ஆகாது.

கலசத் தண்ணீர் ஊற்றியபின் தம்பதி ஈரப் பட்டோடு திரும்புவார்கள். அதற்கு நல்ல தண்ணீர் ஒரு பக்கெட், நிழலில் ஒரு கொடி, ஊருக்குக் கொண்டுபோக இரண்டு பெரிய பை. போர் தண்ணீரில் பட்டை அலச விடாதீர்கள், ஜரிகை கருக்கும். அன்றைக்குச் சைவமா என்று முன்தினமே கேளுங்கள். சைவமென்றால் மீன் வறுத்த எண்ணெயின் வாசம்கூட வரக்கூடாது, தனிச் சட்டி.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் அறை காலி செய்யும் நேரம். பூஜை முடிந்து பதினொன்றுக்கு வந்து சோர்ந்து உட்காருபவரைப் பன்னிரண்டுக்குக் கதவு தட்டி எழுப்புவது எல்லா விடுதியிலும் நடக்கிறது. இவர்களுக்கு மூன்று மணி என்று வைத்துவிடுங்கள். அடுத்து வருபவர் பெரும்பாலும் சாயங்காலம்தான் வருவார், உங்களுக்கு நஷ்டமில்லை. முன்பதிவின்போதே சொல்லிவிட்டால் வாடகையில் பேரம்கூடக் குறையும்.

துணி, துரு, மணல்

படுக்கை விரிப்பைக் கடல் பார்த்த மாடியில் உலர்த்தாதீர்கள். மதியம் கடற்காற்று எழும்பியதும் உப்பு ஏறும். இரவில் அந்த உப்பு ஈரத்தை இழுத்து, துவைத்த விரிப்பே பிசுபிசுக்கும். காலையிலேயே ஊர் பக்கக் கொடியில் போட்டு, காற்று திரும்புமுன் எடுத்துவிடுங்கள். கட்டிலுக்கு மூன்று செட் இருந்தால்தான் மழை நாளில் சமாளிக்கலாம்.

பூட்டு பித்தளையில் இருக்கட்டும். உள்ளே எண்ணெய் விடக்கூடாது, மணலைப் பிடித்து இறுகும். கிராஃபைட் தூள்தான் சரி. கீல், கொக்கி, திருகாணிக்கு எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 316 கேளுங்கள், 304 கடற்காற்றில் பழுப்புப் புள்ளி போடும். ஏ.சி.யின் வெளி யூனிட்டை மின்சாரத்தை நிறுத்திவிட்டு, இரண்டு வாரத்துக்கொருமுறை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். பீய்ச்சி அடித்தால் அலுமினியத் தகடு வளைந்துவிடும். வாசலில் கால் கழுவக் குழாயும் தேங்காய் நார் மிதியடியும் இல்லையென்றால் குளியலறை வடிகாலில் மணல் அடைத்துக்கொள்ளும்.

மின்வெட்டுக்கு: 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று, பழைய 70 வாட் விசிறிகள் ஆறையும் விளக்குகளையும் இரண்டு, இரண்டரை மணி நேரம்தான் தாங்கும். 30 வாட் பி.எல்.டி.சி. விசிறி மாற்றினால் அதே பேட்டரி இருமடங்கு ஓடும். ஐப்பசி, கார்த்திகைக்கு முன் மாற்றிவிடுங்கள்.

போனில் கேட்டால்

உள்ளதைச் சொல்லுங்கள். ஊருக்கு ரயில் இல்லை, காரைக்காலிலோ மயிலாடுதுறையிலோ இறங்கிப் பஸ்ஸோ காரோ பிடிக்க வேண்டும். கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கருங்கல் தடுப்புப் பக்கம் குளிக்கக்கூடாது. வெளிநாட்டவரென்றால் பாஸ்போர்ட்டும் விசாவும் வாங்கி, வந்த 24 மணி நேரத்துக்குள் அவர் தங்கும் விவரத்தை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், கவுன்டரில் முகம் சுளிக்க மாட்டார்கள்.

குறை வந்தால் முதலில் வேறு அறைச் சாவி, விசாரணை அப்புறம். கவுன்டரில் இருக்கும் பையன் உங்களைக் கேட்காமலேயே வாடகையில் 200 ரூபாய் வரை கழிக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். கழித்த காரணத்தை அறை எண்ணோடு நோட்டில் எழுதட்டும். ஒரே அறை ஒரு மாதத்தில் மூன்று தடவை வந்தால், அந்த அறையை வாடகைக்கு விடாமல் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.