ஆக்ஸலாட்டில் (தண்ணீரிலேயே வாழும் ஒரு வகை சாலமாண்டர்) வளர்க்கும் தொட்டியில் பிஎச் இறங்கிக்கொண்டே போகிறதா?

தண்ணீரின் பிஎச் (அது குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள்) 6.4 என்று காட்டியதும் கடைக்கு ஓடி, அதை ஏற்றும் மருந்து ஒரு பாட்டில் வாங்கி ஊற்றுவதுதான் பலரும் செய்வது. நானும் ஊற்றியிருக்கிறேன். இரண்டு நாள் ஏறி நிற்கும், மூன்றாம் நாள் பழைய இடத்துக்கே வந்துவிடும். ஏனென்றால் பிஎச்சைப் பிடித்து நிறுத்துவது தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட், அதாவது கேஎச். அது தீர்ந்துபோன தொட்டியில் எதை ஊற்றினாலும் நிற்காது.

மெக்சிகோ நகரத்துச் சோச்சிமில்கோ ஏரிதான் இந்தப் பிராணிக்குச் சொந்த ஊர். கொஞ்சம் கடினமான தண்ணீர் அதற்குப் பிடிக்கும். 7.4 முதல் 7.6 வரை அருமை, 6.5 முதல் 8 வரை தாங்கும். உங்கள் தொட்டி மாதக்கணக்காக 7.8-இல் அசையாமல் இருக்கிறதா, அதில் கை வைக்காதீர்கள். எலுமிச்சை, வினிகர் எல்லாம் வேண்டவே வேண்டாம்.

முதலில் குழாய்த் தண்ணீரை அளக்க வேண்டும், அதுவும் பிடித்தவுடன் அல்ல. போர்வெல் தண்ணீரில் கரியமில வாயு கரைந்திருந்தால் பிஎச் குறைவாகக் காட்டும். ஒரு டம்ளரில் 24 மணி நேரம் திறந்து வைத்து அப்புறம் அளந்தால் உண்மையான அளவு தெரியும். தொட்டி அதைவிட நன்றாகக் கீழே இருந்தால் அமிலம் உள்ளேதான் உண்டாகிறது. ஃபில்டரில் இருக்கும் பாக்டீரியா, கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போதெல்லாம் கேஎச் குறைகிறது, ஆக சாப்பிடாமல் விட்ட புழு, அள்ளாத கழிவு, தள்ளிப்போட்ட தண்ணீர் மாற்றம் எல்லாம் கணக்கில் சேரும். ஃபைட்டர் மீனுக்குப் போடும் பாதாம் இலையும் மரக்கட்டையும் தங்கள் பங்குக்கு இறக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் கேஎச் ஏறக்குறைய இல்லவே இல்லை, அதை மட்டும் ஊற்றி வளர்ப்பவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம்.

கேஎச் 3 முதல் 8 டிகிரிக்குள் (இது வெப்பம் அல்ல, கேஎச்சின் அளவு) இருக்கட்டும். அவசரமில்லை என்றால் உடைத்த பவளத் துண்டுகளை வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் வையுங்கள், தொட்டித் தரையில் பரப்பினால் பிராணி சாப்பாட்டோடு விழுங்கிவிடும். சீக்கிரம் ஏற வேண்டுமென்றால் ஆப்ப சோடா இருக்கிறது (பேக்கிங் பவுடர் வேறு, அது வேண்டாம்). 50 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் என்பது ஏறத்தாழ 4 டிகிரி ஏற்றும், ஆனால் ஒரே நாளில் போடக் கூடாது. கால் டீஸ்பூனை ஒரு மக்குத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, மறுநாள் அளந்து, அப்புறம் அடுத்த கால். ஒரு நாளில் பிஎச் 0.2, 0.3-க்கு மேல் ஏற வேண்டாம்.

இதையெல்லாம் தொடங்கும் முன் அம்மோனியாவை அளந்தே ஆக வேண்டும், பிராணி செத்துப்போவது பெரும்பாலும் இங்கேதான். பிஎச் 6.5-க்குக் கீழே போனால் பாக்டீரியா சோம்பிவிடும், அம்மோனியா சேரும், ஆனால் அமிலத் தண்ணீரில் அது பெரும்பாலும் அம்மோனியமாக இருப்பதால் அவ்வளவாகத் தொல்லை தராது. நீங்கள் பிஎச்சை ஏற்றியதும் அதுவே விஷமாகிறது. 7-இலிருந்து 8-க்குப் போனால் விஷப் பங்கு கிட்டத்தட்ட 10 மடங்கு. அதனால் அம்மோனியா தெரிந்தால் பிராணியை முதலில் வேறு டப்புக்கு மாற்றுங்கள்: குளோரின் நீக்கிய தண்ணீர், 16 முதல் 18 டிகிரி குளிர்ச்சி, தினமும் முழுத் தண்ணீரையும் மாற்ற வேண்டும். தொட்டியைச் சரிசெய்யும் நாட்களில் ஃபில்டர் பஞ்சை மட்டும் குழாயில் கழுவிவிடாதீர்கள், மிச்சமிருக்கும் பாக்டீரியா அதில்தான் இருக்கிறது.