‘ஆடு’ என்ற சொல்லின் வேரைத் தேடுவது எப்படி?

ஆடி ஆடி நடப்பதால் ‘ஆடு’ என்று பெயர் வந்ததாகப் பலர் எழுதுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தவறு. எந்த விலங்குப் பெயரை ஆராய்ந்தாலும், இன்றைய வடிவத்தை வைத்துப் பொருள் பிரிக்கத் தொடங்காதீர்கள்.

முதலில் பழைய வடிவத்தைத் தேடுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் ‘ஆடு’ மட்டும் பார்த்து நிறுத்தாமல் ‘யா’ வரிசையையும் புரட்டுங்கள், ‘யாடு’ கிடைக்கும். தொல்காப்பிய மரபியலிலும் யாடுதான். அதன் குட்டிக்கு அங்கே ‘மறி’ என்று பெயர்.

அடுத்து, இந்த மாற்றம் வேறு சொற்களிலும் நடந்திருக்கிறதா என்று பாருங்கள். யாறு ஆறானது, யாண்டு ஆண்டானது. ஒரே ஒரு சொல்லில் மட்டும் தெரியும் மாற்றத்தை நம்பக்கூடாது.

முடிவைத் தருவது அண்டை மொழிதான். பழந்தமிழ் ‘யா’ தெலுங்கில் ‘ஏ’ ஆகிறது: யாறு அங்கே ஏரு, யானை ஏனுகு. அதே வழியில் ஆட்டுக்கடா ‘ஏட’. ஆனால் அசைவதையும் விளையாடுவதையும் குறிக்கும் வினை தெலுங்கிலும் ‘ஆடு’தான்; அதில் ‘ஏ’ இல்லை, தமிழில் அதற்கு ‘யாடு’ என்ற பழைய வடிவமும் இல்லை. ஆக, இரண்டும் வெவ்வேறு வேர்கள். தமிழில் யகரம் உதிர்ந்த பிறகே ஒலி ஒன்றாகிவிட்டது.

இந்த ஒப்பீட்டுக்குப் பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியின் 1984 பதிப்பைப் பயன்படுத்துங்கள். 1961 பதிப்பில் சொற்களுக்குத் தந்த எண் வரிசை வேறு. மேற்கோள் காட்டும்போது எந்தப் பதிப்பு என்று கட்டாயம் குறியுங்கள்.