பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பிரேக்: கிலோமீட்டரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

சிஓஇயை (கார் வைத்திருப்பதற்கான உரிமச் சான்றிதழ்) புதுப்பித்து வைத்திருக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் சிங்கப்பூரில் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். வாரநாளில் எம்ஆர்டி ரயில், ஞாயிறு காலையில் ஒரு சுற்று, அவ்வளவுதான். "வண்டி ஓடவே இல்லையே, பிரேக்குக்கு எதற்கு சர்வீஸ்?" என்று கேட்பவர்கள் நம்மில் நிறைய. முதல் தவறே இதுதான்.

கார் நின்றுகொண்டிருந்தாலும் பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நம் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். புதிய டாட் 4 (பிரேக் ஆயிலின் ஒரு தரவகை) ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. 3.7 விழுக்காடு நீர் கலந்த பிறகு 155 டிகிரி இருந்தாலே போதும் என்று அதே விதி சொல்கிறது. மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்தில் ட்ராக் டேக்குப் போய் நாலு சுற்று அழுத்தி ஓட்டினால் இந்த வித்தியாசம் காலில் தெரியும்: ஆயில் கொதித்து ஆவியாகி, பெடல் தளதளவென்று உள்ளே போகும். ட்ராக் பக்கமே போகாதவர்களும் தப்பிக்க முடியாது. அந்த ஈரம் ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) யூனிட்டுக்குள் இருக்கும் நுண்ணிய வால்வுகளை மெல்ல அரிக்கிறது. யூனிட் போனால் செலவு எங்கேயோ போய்விடும். ஹோண்டா 3 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது, பலர் 2 ஆண்டு என்கிறார்கள். இங்கே 2 ஆண்டு என்று வைத்துக்கொள்வதே நல்லது.

"போன மாதம்தான் இன்ஸ்பெக்‌ஷன் பாஸ் ஆச்சு" என்பது இன்னொரு பொய்யான தைரியம். 10 ஆண்டு தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் சோதனை உண்டு, சரி. ஆனால் அங்கே உருளையில் ஏற்றிப் பார்ப்பது அன்றைக்குப் பிரேக் எவ்வளவு விசையுடன் பிடிக்கிறது என்பதைத்தான். ஆயிலின் வயது அதில் தெரியாது.

ஆயில் வாங்கும்போது டாட் 5.1, டாட் 5 இரண்டையும் குழப்பாதீர்கள். டாட் 5 சிலிக்கோன் வகை. மற்றதோடு கலக்கவும் கூடாது, ஏபிஎஸ் உள்ள காருக்கு ஒத்தும் வராது. போன வருஷம் திறந்து வைத்த பாதி பாட்டிலையும் தூக்கிப் போடுங்கள்.

ஆயில் மாற்றி, பிரேக் குழாயிலிருந்து காற்று எடுக்கும்போது பெடலைத் தரை வரை மிதிப்பது பழைய காருக்கு ஆகாது. மாஸ்டர் சிலிண்டருக்குள் (பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் பாகம்) வழக்கமாக ஓட்டும்போது பிஸ்டன் போகாத பகுதியில் துருவும் அழுக்கும் படிந்திருக்கும். அங்கே போய் உரசினால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் சீல் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு கட்டையை வைத்துவிட்டு மிதிக்கலாம். ஏபிஎஸ் யூனிட்டுக்குள்ளேயே காற்று புகுந்துவிட்டால் பல கார்களில் ஸ்கேனர் வைத்து வால்வுகளை இயக்கித்தான் எடுக்க முடியும். அதற்கு வசதியில்லாத பட்டறை, நாள் முழுக்க மிதித்தாலும் பெடல் கெட்டியாகாது.

இனி டேஷ்போர்டில் எரியும் எச்சரிக்கை விளக்குகள். ஏபிஎஸ், ட்ராக்‌ஷன் (சக்கரம் வழுக்காமல் தடுப்பது) இரண்டும் சேர்ந்து எரிந்தால் இரண்டும் கெட்டுவிட்டதாகப் பயப்படுகிறோம். பெரும்பாலும் குற்றவாளி ஒன்றுதான், ஏனென்றால் இரண்டுக்கும் கண் ஒன்றே: சக்கர வேக சென்சார். அது தெரியாமல் ஜொகூரில் ஹாஃப்கட்டிலிருந்து (பாதியாக வெட்டி உதிரிபாகத்துக்கு விற்கும் பழைய கார்) கழற்றிய யூனிட்டை வாங்கி மாட்டுகிறவர்கள் உண்டு. பல மாடல்களில் அதை அந்தக் காருக்கேற்பக் கோடிங் செய்யாமல் பயன்படுத்தவே முடியாது, விளக்கும் அணையாது. என் கருத்தில் இந்த வேலையில் நடக்கும் பெரிய பண விரயம் இதுதான். முதலில் பேட்டரியைச் சோதியுங்கள். வாரக்கணக்கில் கார்பார்க்கில் நின்ற காரில் மின்னழுத்தம் குறைந்தாலே இந்த விளக்குகள் எரியும். அப்புறம் ஸ்கேனரை மாட்டி, மெதுவாக ஓட்டி, நாலு சக்கர வேகத்தையும் ஒரே திரையில் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் தடுமாறினால் அந்தச் சக்கரத்தின் சென்சார், வயர், சென்சார் படிக்கும் பல்வளையம் மூன்றையும் பார்த்தால் போதும்.

அந்தச் சக்கரத்தில் அண்மையில் பேரிங் மாற்றியிருந்தால் சந்தேகம் அதன்மேல்தான். பல பேரிங்குகளில் ஒரு பக்கத்து சீலிலேயே சென்சார் படிக்கும் காந்த வளையம் இருக்கும். திருப்பி அடித்துவிட்டால் சென்சாருக்கு எதுவும் தெரியாது. பார்ப்பதற்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருப்பதால் கைதேர்ந்த மெக்கானிக்கும் ஏமாறுவார்.

டயரில் மிச்சம் பிடிப்பதும் இங்கே வந்து சேரும். முன்னும் பின்னும் வேறு அளவு போடும் காரில், மலிவாகக் கிடைத்தது என்று சுற்றளவு ஒத்துவராத டயரைப் போட்டால், பின்சக்கரம் வழுக்குகிறது என்று கம்ப்யூட்டர் நினைத்து எஞ்சின் விசையைத் தானாகக் குறைக்கும். உடனே ட்ராக்‌ஷன் பட்டனை அணைத்துவிட்டு ஓட்டுகிறார்கள். நவம்பர், டிசம்பர் மழையில் பிஐஇ விரைவுச்சாலை வளைவில் அது விளையாட்டல்ல.

காலிப்பர் (பிரேக் பேடை அழுத்திப் பிடிக்கும் பாகம்) பின்களுக்குச் சாதாரண கிரீஸ் தடவாதீர்கள், ரப்பர் ஊதிவிடும். சிலிக்கோன் கிரீஸ் போதும்.

அலைன்மென்ட் செய்தபின் ஸ்டீயரிங் கோண சென்சாரைச் சரிசெய்ய வேண்டிய கார்களில் அதையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். சில கடைகள் அதற்குத் தனிக் கட்டணம் சொல்லும், முன்கூட்டியே விலை பேசிக்கொள்ளுங்கள்.