சூடானதும் ஸ்டார்ட் ஆகாத பழைய கார்: கோளாறைப் படிப்படியாகக் கண்டுபிடிப்பது எப்படி?

காலையில் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகும் வண்டி, மதியம் ஒரு மணி நேரம் ஓடி, சாப்பிட நிறுத்திய இருபது நிமிடத்தில் அடம்பிடிக்கும். செல்ஃப் அடித்து அடித்து பேட்டரி இறங்கும். ஒரு மணி நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிவிடும். கார்ப்பரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்பும் பாகம்) வைத்த பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய தொல்லை. உடனே கார்ப்பரேட்டரைக் கழற்றாதீர்கள், அதன் ஸ்க்ரூவையும் திருப்பாதீர்கள். முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: என்ஜினுக்குப் பெட்ரோல் அதிகமாகப் போகிறதா, போகவே இல்லையா, அல்லது பெட்ரோல் சரியாக இருந்தும் ஸ்பார்க் இல்லையா? இதற்கான விடை வண்டி சூடாக நின்று மறுக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் கிடைக்கும். ஆறிய பிறகு தடயமே இருக்காது.

இங்கே 1489 சிசி பெட்ரோல் என்ஜின் கொண்ட பழைய அம்பாசடரை வைத்து விளக்குகிறேன். பிரீமியர் பத்மினிக்கும் கார்ப்பரேட்டர் வைத்த மாருதி 800-க்கும் அடிப்படை இதேதான்.

ஏன் நிறுத்திய பிறகு சூடு கூடுகிறது?

ஓடும்போது ரேடியேட்டர் தண்ணீரும் ஃபேன் காற்றும் சூட்டை வெளியே தள்ளுகின்றன. நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடும். என்ஜின் பிளாக்கிலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலும் (என்ஜின் புகை வெளியேறும் வார்ப்புக் குழாய்) தேங்கிய சூடு பானெட்டுக்குள் ஏறிக்கொண்டே போகும். அம்பாசடரின் இந்த என்ஜினில் இன்டேக்கும் (பெட்ரோல் கலந்த காற்று உள்ளே போகும் வழி) எக்ஸாஸ்டும் ஒரே பக்கம். அதனால் கார்ப்பரேட்டர் நேராக அந்தச் சூட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. பெட்ரோல் தண்ணீரைப் போல 100 டிகிரி வரை காத்திருக்காது. அதிலுள்ள லேசான பகுதி 40 டிகிரிக்குள்ளேயே ஆவியாகத் தொடங்கிவிடும்.

இதனால் இரண்டு விதமான தொல்லை வரலாம். கார்ப்பரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தில் பெட்ரோல் கொதித்து, ஜெட் என்ற சிறு துளை வழியாக மேலேறி இன்டேக்குக்குள் சொட்டும்: இதுதான் ஓவர்ஃப்ளோ. அல்லது டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்பிலும் பைப்பிலும் பெட்ரோல் ஆவியாகி நிற்கும். மெக்கானிக்கல் பம்ப் திரவத்தைத் தள்ளும், ஆவியைத் தள்ளத் திணறும். நம் மெக்கானிக்குகள் ‘ஏர் லாக்’ என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

முதல் படி: ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்துப் பாருங்கள்

சோக் இழுக்கக் கூடாது. ஆக்சிலேட்டரைத் திரும்பத் திரும்ப மிதிக்கவும் கூடாது, ஏனென்றால் ஒவ்வொரு மிதிக்கும் கார்ப்பரேட்டர் கொஞ்சம் பெட்ரோலைப் பீய்ச்சும். மெதுவாக ஒரே தடவையில் அடி வரை அழுத்தி, அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். கரும்புகை கக்கிக்கொண்டு ஸ்டார்ட் ஆனால், உள்ளே பெட்ரோல் அதிகம் என்று அர்த்தம்.

இரண்டாம் படி: ஏர் கிளீனரைக் கழற்றி உள்ளே பாருங்கள்

இக்னிஷனை அணைத்துவிடுங்கள். பக்கத்தில் யாரும் புகைபிடிக்கக் கூடாது, தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். டார்ச் அடித்துக் கார்ப்பரேட்டரின் வாயைப் பாருங்கள்.

பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தால், வண்டி நன்றாக ஆறிய பிறகு ஒரு தடவை ஸ்டார்ட் செய்து, அணைத்து, மறுபடி பாருங்கள். அப்போதும் சொட்டினால் சூட்டின் மேல் பழி போட முடியாது. கிண்ணத்துக்குள் பெட்ரோல் வருவதை அடைக்கும் நீடில் வால்வு தேய்ந்திருக்கும், அதில் தூசி சிக்கியிருக்கும், அல்லது அந்த வால்வை மூடும் மிதவையான ஃப்ளோட் ஓட்டையாகிப் பெட்ரோல் குடித்திருக்கும். ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டினால் உள்ளே பெட்ரோல் அலைவது கேட்கும். பித்தளை ஃப்ளோட்டை அடுப்புக்குத் தள்ளி வைத்து வெந்நீரில் அமுக்கினால் ஓட்டையிலிருந்து குமிழி வரும். ஓட்டையை ஈயம் வைத்து அடைக்க நினைக்காமல் புதிதாக மாற்றிவிடுவதே பாதுகாப்பு. சூட்டில் மட்டும் சொட்டினால் அது கொதிப்பு. அதற்கான வைத்தியம் கீழே இருக்கிறது.

சொட்டாமல் காய்ந்திருந்தால், கையால் திராட்டிலை (ஆக்சிலேட்டர் மிதித்தால் திறக்கும் கார்ப்பரேட்டர் மடல்) ஒரு தடவை திறங்கள். மெல்லிய தாரையாகப் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். எதுவும் வரவில்லையென்றால் பெரும்பாலும் கிண்ணம் காலி.

மூன்றாம் படி: ஈரத்துணி

பழைய டாக்ஸி டிரைவர்கள் கோடையில் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றி ஓட்டுவார்கள். இது மூடநம்பிக்கை இல்லை, அருமையான சோதனை. துணியை நனைத்துப் பிழிந்து பம்பின் மேலும், அங்கிருந்து கார்ப்பரேட்டருக்குப் போகும் பைப்பின் மேலும் போடுங்கள். ஐந்து நிமிடம் விட்டு, கொஞ்சம் செல்ஃப் அடித்து, மறுபடி திராட்டிலைத் திறந்து பாருங்கள். தாரை வந்துவிட்டால் ஏர் லாக் உறுதி. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேல் மட்டும் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

துணி போட்டும் வரவில்லையா? டேங்க் மூடியைத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்றை உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அடுத்து ஃபில்டரையும் பம்ப் டயாஃப்ரத்தையும் (பம்புக்குள் அசையும் சவ்வு) பாருங்கள். டேங்கிலிருந்து பம்ப் வரையுள்ள ஹோஸையும் விரலால் வளைத்துப் பாருங்கள். அந்தப் பக்கம் உறிஞ்சும் பக்கம், அதனால் வெடிப்பு இருந்தால் பெட்ரோல் வெளியே கசிவதைவிடக் காற்று உள்ளே போவதுதான் அதிகம். கசிவைத் தேடியே பலர் ஏமாறுவது இங்கேதான்.

நான்காம் படி: ஸ்பார்க்

பெட்ரோல் தாரை நன்றாக வந்தும் ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் மட்டுமே இதற்கு வாருங்கள். ஏர் கிளீனரை மாட்டி, பெட்ரோல் வாசனை போகும் வரை காத்திருங்கள். ஒரு ஸ்பேர் பிளக்கைப் பிளக் வயரில் செருகி, கார்ப்பரேட்டருக்குத் தூரமாக என்ஜின் உலோகத்தில் அழுத்தமாகப் பொருத்திவிட்டு, கை வைக்காமல் செல்ஃப் அடியுங்கள். நீலமாகப் படபடவென்று வந்தால் நல்லது. மஞ்சளாக மெலிந்து வந்தாலோ வராவிட்டாலோ ஸ்பார்க்குக்கு மின்னழுத்தத்தைக் கூட்டும் காயிலையும், டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்ட்டோடு சேர்ந்த கண்டென்சரையும் சந்தேகிக்கலாம். இரண்டுமே சூட்டில் மட்டும் கோளாறு செய்யக்கூடியவை. கண்டென்சர் விலை குறைவு என்பதால் முதலில் அதை மாற்றிப் பாருங்கள். காயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் பாயிண்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்கட்டும், பிளக் இடைவெளி சுமார் 0.6 மி.மீ.

சூடுதான் காரணம் என்று உறுதியானால்

கார்ப்பரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய தடித்த ஃபைபர் பேக்கிங் இருக்கிறதா என்று பாருங்கள். எப்போதோ வேலை பார்த்தவர் வெறும் கேஸ்கெட் போட்டு மூடியிருக்கலாம். பெட்ரோல் பைப்பை எக்ஸாஸ்டிலிருந்து விலக்கிக் கொண்டுபோங்கள், நடுவே ஒரு தகடு மறைப்பும் வைக்கலாம். ரேடியேட்டர் அடைப்பு, தளர்ந்த ஃபேன் பெல்ட், பின்தங்கிய இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் தாமதமாக வருவது) ஆகியவையும் பானெட்டுக்குள் சூட்டைக் கூட்டும். டைமிங்கைச் சரிசெய்ததுமே தொல்லை பாதியாகக் குறைந்த வண்டிகள் உண்டு.

இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ்களை எத்தனால் ஊறவைத்து இளக்கிவிடும், தண்ணீரையும் ஈர்க்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்கி, எல்லா ஹோஸையும் கிளாம்ப்போடு சேர்த்து ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். இது செலவு பார்க்க வேண்டிய இடமில்லை. வெடித்த ஹோஸ் சூடான எக்ஸாஸ்ட் மேல் சொட்டினால் வண்டியே எரிந்துவிடும்.

மலைப்பாதையில் உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால் பெட்ரோல் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். குன்னூரோ கொடைக்கானலோ ஏறி நிறுத்தும்போது, உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு அணையுங்கள். பிறகு பானெட்டைத் திறந்தே வைத்திருங்கள். டிக்கியில் ஒரு பழைய துணியும் இரண்டு லிட்டர் தண்ணீரும் இருக்கட்டும்.